இடப்பக்கம் காலி இல்லை

ராத்திரி ஒரு மணி தாண்டியிருக்கும். ஆற்றை ஒட்டிப் போகுமே, அந்த நான்கு வழிச் சாலை. மழை விட்ட ஈரம். முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை. லோவெல் ட்ரெக்ஸ்லர் தன் பிக்கப்பில் தனியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

இன்னும் கிட்ட வாருங்கள். சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது. நம்மோடு டயர் மாற்றுகிறானே ஆர்லிஸ், அவனுடைய அக்கா வீட்டுக்காரர்தான் இந்த லோவெல்.

வட்டப் பாதையில் சுற்றுகிற ஸ்டாக் கார் பந்தயத்தில் பெரிய கோப்பை எதுவும் வாங்கினவர் இல்லை. ஆனால் நம்பி வண்டியைக் கொடுக்கலாம். சுற்றிலும் பத்துக் கார் மோதி நொறுங்கினாலும் தன் காரை முழுசாகக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். கரோலைனாவில் எந்த முதலாளியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

அன்றைக்கும் ஒரு பந்தயத்தை ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தார். அப்போது இடப்பக்கத்தில்... ஓர் என்ஜின். பந்தயக் காரின் உறுமல், அடித்தொண்டையிலிருந்து. திரும்பிப் பார்த்தார். வெறும் ரோடு. வெளிச்சம் இல்லை, நிழல் இல்லை. கொதித்த ரேடியேட்டரின் தித்திப்பு வாடை மட்டும். வேகத்தைக் குறைத்தார். அதுவும் குறைத்தது. அழுத்தினார். கூடவே வந்தது... சரியாக அவர் தோளுக்கு நேராக. பாலம் தாண்டியதும் சத்தம் அறுந்துபோயிற்று.

வீட்டில் அவர் மூச்சு விடவில்லை.

அடுத்த ஞாயிறு பந்தயம். பாதியில் பெட்ரோல் போட உள்ளே வரச் சொன்னார்கள். உள்ளே இறங்கும் வழி இடப்பக்கம், பாதைச் சரிவுக்குக் கீழே. அரங்கக் கூரைமேல் நின்று ரேடியோவில் பாதை சொல்கிற வெர்லினின் குரல் காதில் கேட்டது.

"கீழ காலிண்ணே... இறங்குங்க."

திருப்பப் போனார். அதே வாடை. அதே உறுமல், தோளுக்கு நேராக. பக்கத்தில் கார் இருக்கும்போது இறங்கிப் பழக்கமே இல்லாத மனுஷர். கை மறுத்தது. வழி தாண்டிப் போயிற்று.

"என்னண்ணே ஆச்சு? ஏன் வரல?"

"உள்பக்கமா ஒருத்தன் ஒட்டிக்கிட்டே வர்றான்டா."

"யாருமே இல்லண்ணே! மேல இருந்து பாத்துக்கிட்டுதானே இருக்கேன்..."

மறு சுற்றிலும் தாண்டினார். அதற்கடுத்த சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். இடக் கதவில் ஓர் இடி. கார் சரிவில் மேலே எகிறி வெளிச்சுவரில் உரசியது. பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை உரசிக்கொண்டே போயிற்று. பார்த்த சனத்துக்குத் தெரிந்தது அந்த ஒரே ஒரு கார்தான்.

முதலாளி மால்டின் கத்தக்கூட இல்லை. "உன்ன நம்பித்தானய்யா வண்டியக் குடுத்தேன்," என்றார்.

லோவெல் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

அதோடு பந்தயம் போயிற்று. பிக்கப் சாவியை மனைவி நடீனிடம் கொடுத்துவிட்டார். அவள் கேட்டாள், கெஞ்சினாள், அழுதாள். காரணம் மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.

இனிமேல் நான் சொல்லப்போவது... நடீனை அடக்கம் செய்த பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி லோவெல் ஆர்லிஸிடம் சொன்னது.

புதன்கிழமை. சர்ச்சில் சாப்பாடு முடித்துத் திரும்பினார்கள். நடீன் ஓட்டினாள். ஏதோ பாட்டு முணுமுணுத்தபடி வந்தாள். பாலத்தைத் தாண்டியதும் பாட்டு நின்றது.

வீட்டு வாசல் விளக்கு தெரிந்தது. இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் திரும்பவில்லை.

"ஏம்மா... நம்ம வீடு போயிடுச்சே?"

லோவெலுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒரு வாடையும் இல்லை. அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"எப்படிங்க திருப்புறது?" குரல் கிசுகிசுப்பாக வந்தது. "வழியே விடமாட்டேங்கறான்... இன்னும் வேகமாப் போன்னு கை காட்டறான்."

"பிரேக்கப் போடு நடீன்!"

வேக முள் ஏறிக்கொண்டே இருந்தது. லோவெல் குனிந்து கீழே பார்த்தார்.

அவள் இரண்டு காலும் பிரேக் மேல்தான் இருந்தன.