மைநுனி ஆலாவின் இரண்டாம் நாள்

ஆலாவை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள் ஐயா, பெயர்தான் தெரிந்திருக்காது. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். வெள்ளையாக, ஒல்லியாக, வால் பிளந்த பறவை ஒன்று தண்ணீருக்கு மேலே நின்று நின்று பறந்து, திடீரென்று தலைகீழாக விழுந்து மீனோடு எழும்பும். அதுதான் ஆலா. பலரும் கடல்காகம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதில் தவறில்லை. முப்பது வயது வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

துறைமுக அலுவலகத்தில் கடல்நீர் அட்டவணை என் பொறுப்பு. நாளைக்கு எத்தனை மணிக்கு நீர் ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்று வாசல் பலகையில் எழுதி வைப்பேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள் கூடப் பிசகியதில்லை, படகுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்ப்பேன். எங்கள் வட்டாரப் பறவைப் பதிவேட்டுக்கு மூன்று பேர் கொண்ட குழு ஒன்று உண்டு. இந்தப் பக்கம் வராத பறவையைப் பார்த்ததாக யாராவது எழுதி அனுப்பினால், அதைச் சலித்துப் பார்த்து உண்டு, இல்லை என்று சொல்வது என் வேலை. குழுவில் எனக்குக் ‘கறார்’ என்று பட்டப்பெயர். நேரில் ‘சார்’ என்பார்கள்.

மைநுனி ஆலா இரண்டு கடல் தாண்டி வாழ்கிற பறவை. உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். சாதாரணக் கொண்டை ஆலா மாதிரியே இருக்கும். அலகும் அதே மஞ்சள்தான், நுனி மட்டும் மையில் தோய்த்ததைப் போலக் கறுப்பு. நம் கரையில் அது இறங்கியதாகப் பதிவே கிடையாது. பார்த்தேன் என்று பதினேழு பேர் எழுதினார்கள், பதினேழையும் தள்ளினேன். சாதாரண ஆலா சேற்றில் அலகைக் குத்தினாலும் நுனி கறுப்பாகத்தானே தெரியும்? அதனால் ஒரு விதி வைத்திருக்கிறோம். ஒரே ஆள், அதே இடத்தில், இரண்டு வெவ்வேறு நாட்களில் பார்த்திருக்க வேண்டும். சேறு என்றால் அடுத்த நாளைக்குள் கழுவிப் போயிருக்கும். அந்த விதியைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

இப்போது நான் சொல்லப்போவது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அலுவலகத்தில் நான் எழுதுவதை மறுநாள் காலையில் நானே அழித்துவிடுவேன். பதிவேட்டில் மைநுனி ஆலாவுக்கு எதிரே, முதல் பார்வையாளர் என்ற கட்டத்தில் என் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை என்பது கூடச் சரியில்லை, பசி. இருபத்தாறு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்திருக்கிறேன். “உங்க பறவைக்கு யாராச்சும் நம்ம வீட்டு விலாசத்தை எழுதிக் குடுத்திருந்தா எப்பவோ வந்திருக்கும்” என்று என் மனைவி கேலி செய்வாள். போன வருடம் கண் டாக்டர் என் விழித்திரையைப் பார்த்துவிட்டு, பார்வை இன்னும் ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடம் என்றார். அதை மனைவியிடம் நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைகளிலும் போக ஆரம்பித்தேன்.

சகலையைப் பற்றிக் கேட்டீர்கள். என் மனைவியின் தங்கை கணவர், சலவைக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். அவரைப் பற்றி ஒரு குறையும் எனக்குச் சொல்லத் தெரியாது. சர்க்கரை ஏறிப்போய் டாக்டர் நடக்கச் சொன்னதால், சும்மா நடப்பானேன் என்று என் பழைய தொலைநோக்கியைக் கொடுத்தது நான்தான். அது எட்டு மாதத்துக்கு முன்னால். எடுத்த எடுப்பிலேயே அவருக்குக் கண் பழகிவிட்டது. ஆயிரம் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே ஒரு கறையைக் கண்டுபிடிக்கிறவருக்கு ஆயிரம் ஆலாக்கள் எம்மாத்திரம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஜலதோஷம், வீட்டில் படுத்திருந்தேன். அதைச் சொல்லாமல் விட முடியாது. வருடக்கணக்கில் நான் போகாத ஒரே ஞாயிறு அது. அவர் மட்டும் கழிமுகத்துக்குப் போனார். மத்தியானம் ஒரு படம் அனுப்பினார். கரையிலிருந்து எடுத்த படம், மங்கல்தான். ஆனால் எனக்கு அரை நிமிடம் கூடத் தேவைப்படவில்லை. முதுகின் வெளுப்பு, கழுத்தின் வாகு, அந்த நுனி. படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தேன். என் வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, எரிந்ததுதான்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கழிமுகத்து மணல்திட்டின் கடைக்கோடியில், கொண்டை ஆலாக் கூட்டத்துக்கு நடுவே அது உட்கார்ந்திருந்தது. அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்பது இருபது என்று குறிப்பேட்டில் நேரத்தை எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை சகலையின் பதிவைத் தள்ளினேன். ஒரே நாள், ஒரே படம், அலகு நுனியில் சேறாக இருக்கலாம் என்று காரணம் எழுதினேன். விதிப்படி அதில் ஒரு எழுத்து கூடத் தவறில்லை. இன்னொரு விதியும் இருக்கிறது. ஒருவருடைய பதிவு என் பரிசீலனையில் இருக்கும்வரை, அதே பறவையை நான் பார்த்ததாகப் பதிவு கொடுக்க முடியாது. அது தள்ளப்பட்டுவிட்டால் கொடுக்கலாம். எனக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி, சனிக்கிழமைக்கு முன்னால் விடுப்பு கிடையாது. அவருக்கும் ஒரு நாள்தான் பாக்கி. அவர் மறுபடி பார்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் உயிர் பெற்றுவிடும், நான் இரண்டாம் ஆள் ஆகிவிடுவேன்.

புதன்கிழமை மாலை அவர் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வருகிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடத்தில் உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டு, படத்தில் எங்கே குறை என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி கேட்டார். கரையிலிருந்து எடுத்தால் ஆகாது, திட்டுக்கே போய் முப்பது அடிக்குள் நின்று, அலகின் இரண்டு பக்கமும் தெரிய எடுக்க வேண்டும் என்றேன். திட்டுக்குப் போக நடுவில் ஒரு வாய்க்கால் உண்டு. நீர் வற்றும்போது கணுக்கால் அளவு, ஏறினால் இரண்டு ஆள் ஆழம். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் திட்டே முழுகிப்போகும், அந்தச் சனிக்கிழமை பௌர்ணமி.

“அண்ணே, இந்த வாரம் சனிக்கிழமைதான் கடை லீவு. அன்னைக்குத் தண்ணி எப்ப வத்தும்? எனக்கு நீச்சல் தெரியாது, பார்த்துச் சொல்லுங்க” என்றார். பிறகு அவரே சிரித்தார். “துணி முங்கினா எடுத்துடுவேன். நான் முங்கினா யாரு எடுக்கறது?”

என் மனைவியும் சிரித்தாள். நான் உள்ளே போய் அட்டவணையை எடுத்து வந்தேன். சனிக்கிழமை வற்றம் காலை ஏழு பத்துக்கு. என் விரல் இரண்டு வரி கீழே இறங்கித் திங்கட்கிழமையில் நின்றது. அங்கே எட்டு ஐம்பது என்று இருந்தது. “ஒன்பதுன்னு வெச்சுக்குங்க சகலை. அதுக்கப்புறமும் ரெண்டு மணி நேரம் நிம்மதியா நிக்கலாம்” என்றேன். அவர் உள்ளங்கையில் பேனாவால் ஒன்பது என்று எழுதிக்கொண்டார். எப்போதுமே அட்டவணையை அவர் கேட்டுக்கொள்வாரே தவிரப் பார்க்க மாட்டார். நான் இருக்கும்போது எதற்கு?

தெரியாமல் வரி மாறிவிட்டதா என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். எனக்கு வழிவிடத்தான் கேட்கிறீர்கள், புரிகிறது. வரி மாறவில்லை. சாயங்காலம்தான் வற்றும் என்று சொல்லி அவரை அலைக்கழிக்கலாமா என்று கூட யோசித்தேன். அதற்குள் நான் காலையில் என் இரண்டாம் நாளை முடித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் மாலையில் பார்த்தாலும் அவருக்கும் இரண்டு நாள் ஆகிவிடும், முதல் நாள் அவருடையதுதான் முந்தியது. விடாக்கண்டர் அவர். ஒரு கறை போகும்வரை ஒரே சட்டையை ஐந்து முறை துவைக்கிறவர். எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டுத்தான் ஒன்பது என்றேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் நான் கரையில் இருந்தேன். பழைய ஐஸ் தொழிற்சாலையின் சுவரோரம் தாங்கியை நிறுத்தி, பெரிய தொலைநோக்கியைப் பொருத்தினேன். எட்டே முக்காலுக்கு அவர் வாய்க்காலில் இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீர். வற்றிக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருப்பார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். பறவை, கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்தது. எனக்குக் கொண்டை மட்டும்தான் தெரிந்தது, நுனி தெரியவில்லை.

ஒன்பதரைக்குப் போன் வந்தது. குரலைத் தணித்துப் பேசினார், பறவைகளுக்கு அருகில் அப்படித்தான் பேச வேண்டும் என்று நான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

“அண்ணே, அதேதான். ரெண்டு பக்கமும் கறுப்பு. எடுத்துட்டேன். ஆனா தண்ணி ஏறுற மாதிரி இருக்கே. அட்டவணை சரிதானே?”

வாய்க்காலில் அப்போது இடுப்பளவுதான் இருந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தால் வந்திருக்கலாம். ஆனால் அவர் எழுந்து நடந்தால் கூட்டம் கலைந்துவிடும். நான் இன்னும் நுனியைப் பார்க்கவில்லை.

“சரிதான் சகலை. காத்துக்கு அப்படித் தெரியும். அங்கேயே நில்லுங்க. நடந்தீங்கன்னா பறந்துடும்” என்றேன்.

“சரிண்ணே” என்றார்.

அதற்குப் பிறகு நான்கு முறை அழைத்தார். போனின் ஒலியை அணைத்துவிட்டேன். ஐந்தாவது முறை அழைக்கவில்லை. தொலைநோக்கியை நகர்த்தினால் ஆலா கைநழுவிவிடும் என்பதால் அவர் பக்கம் நான் அதிகம் திரும்பவில்லை. திட்டு சுருங்கச் சுருங்கப் பறவைகள் நெருங்கி உட்கார்ந்தன, அவரும் அவற்றோடு நெருங்கி நின்றார். கையை ஆட்டினார். கத்தியும் இருப்பார், காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பத்து நாற்பத்திரண்டுக்குக் கூட்டம் மொத்தமாக எழும்பிக் கரைக்கு வந்தது. என் தலைக்கு நேர் மேலே, கை நீட்டினால் தொடும் உயரத்தில், மைநுனி ஆலா போனது. இரண்டு பக்கமும் பார்த்தேன். என் குறிப்பேட்டை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள், அதிலேயே இருக்கிறது. அடுத்த வரி பதினொன்று ஐந்து. ‘திட்டு தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். அந்த வரி என் கையெழுத்துதான்.

உடல் மறுநாள் கிடைத்தது. காமிராவை, கோட்டுகளுக்குப் போடுவாரே, அந்தக் கடை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, முடிச்சுப் போட்டுக் கழுத்தோடு கட்டியிருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. கடைசி நேரத்திலும் அதைத்தான் நினைத்திருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

பதினோராம் நாள் மைத்துனி அந்தக் காமிராவோடு வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது, சாப்பிட்டு எத்தனை நாளாகியிருக்குமோ. என் மனைவி அவளை உட்கார வைக்கப் பார்த்தாள். அவள் உட்காரவில்லை.

“அத்தான், இதுக்காகத்தானே போனார். அவர் பார்த்தது நிஜமா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு அது போதும்” என்றாள்.

பார்த்தேன். நாற்பத்தொரு படங்கள். அதைப் போல ஒரு படத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. சொல்லியிருக்கலாம். நிஜம்தாம்மா என்று ஒரு வார்த்தை. அந்தப் பெண் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பாள். ஆனால் என் பதிவு முந்தைய நாள்தான் குழுத் தலைவருக்குப் போயிருந்தது. “அவ்வளவு தெளிவா இல்லம்மா” என்றேன்.

அவள் காமிராவை வாங்கிக்கொண்டு கடைசிப் படத்துக்குத் தள்ளினாள். அதில் பறவை இல்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கம் கரை, ஐஸ் தொழிற்சாலைச் சுவர், தாங்கிக்குப் பின்னால் குனிந்த ஒரு ஆள். கீழே பத்து முப்பத்தொன்று என்று நேரம்.

“இந்த நீலச் சட்டையை வெள்ளிக்கிழமை கடையில நான்தான் மடிச்சுக் குடுத்தேன். இது யாரு அத்தான்?”

என் மனைவி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக் கதவை யாரும் சாத்தவில்லை. உங்கள் ஆட்கள் வரும்வரை நான் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே ஐயா, நேரத்தை மாற்றிச் சொன்னது நான். நிற்கச் சொன்னது நான். அவர் முழுகுவது தெரிந்தும் நகராமல் இருந்தது நான். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வக்கீல் வேண்டாம். ஒரே ஒரு உதவி. அந்தக் கடைசிப் படத்தின் நகல் எனக்கு வேண்டும். சனிக்கிழமை நான் அங்கே நின்று பார்த்தேன் என்பதற்கு அதை விட்டால் வேறு சாட்சி கிடையாது, குழுவில் கட்டாயம் கேட்பார்கள்.