யார் வாயும் படாத கிளாஸ்

எர்சிலியா: கால் வலிக்குதுன்னு எத்தனை தடவை சொல்றது? இங்கேயே நில்லு.

துய்லியோ: நின்னாச்சு அண்ணி. ஆனா ரோம் ஊர்ல வேற நீரூற்றே இல்லாத மாதிரி, போயும் போயும் வாயால தண்ணி துப்பற இந்தக் கல்மூஞ்சிகிட்டயா?

எர்சிலியா: அண்ணின்னு இன்னொரு தடவை கூப்பிடு... இந்தத் தொட்டியிலயே தள்ளிவிடறேன்.

துய்லியோ: நேத்து சர்ச்சுல அத்தனை பேர் முன்னாடி எங்க அண்ணன் பொண்டாட்டி ஆனீங்க. வேற எப்படிக் கூப்பிடறதாம்?

எர்சிலியா: உங்க அண்ணன் மெல்பர்ன்ல இருக்கான். பக்கத்துல நின்னது நீ.

துய்லியோ: அவனுக்குப் பதிலா நின்னேன். மாப்பிள்ளை கடல் தாண்டி இருந்தா தம்பி நிக்கலாம். நம்ம தெருவுலயே போன வருஷம் ரெண்டு கல்யாணம் இப்படித்தானே நடந்துச்சு?

எர்சிலியா: நிக்கலாம். அதுக்காக 'சம்மதம்'னு அப்படியா கத்தறது? மெல்பர்ன்ல இருக்கற உங்க அண்ணன் நசரேனோ காதுலயே விழுந்திருக்கும்.

துய்லியோ: பாதிரியாருக்குக் காது மந்தம்.

எர்சிலியா: அவருக்கு முப்பது வயசுடா!

துய்லியோ: சின்ன வயசுல மந்தம் வரக்கூடாதா?

எர்சிலியா: மோதிரம் போடறப்ப உன் நகத்துல இருந்த சுண்ணாம்பு என் விரல்ல ஒட்டிக்கிச்சு.

துய்லியோ: கொத்தனார் கை அப்படித்தான் இருக்கும். கழுவிட்டீங்கல்ல?

எர்சிலியா: கிளாஸ் எங்க? கொண்டு வந்தியா இல்லையா?

துய்லியோ: இதோ. புதுசு. கடைக்காரன் வைக்கோல்ல சுத்திக் குடுத்தது அப்படியே இருக்கு. யார் வாயும் படலை.

எர்சிலியா: கோட்டுக்குள்ள வேற என்னவோ புடைச்சுக்கிட்டு இருக்கே... ஒயினா?

துய்லியோ: ஒரு குட்டி பாட்டில். உங்களை நாளைக்குத் துறைமுகத்துக்கு ரயிலேத்திட்டு நான் அழுதா, வாயை அடைக்க.

எர்சிலியா: நீயாவது அழறதாவது.

துய்லியோ: அதானே. சரி, கேக்கறேன்னு கோச்சுக்காதீங்க. ஊரை விட்டுப் போறவங்களுக்குத் தண்ணி குடுத்து கிளாஸை உடைக்கிறது ட்ரெவி நீரூற்றுல. காலங்காலமா அங்கதான். பட்டாளத்துக்குப் போனவன் எல்லாம் அங்க குடிச்சுட்டுத்தான் போனான். நீங்க என்னடான்னா இங்கதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறீங்க.

எர்சிலியா: ட்ரெவியில ஒரே வெளிநாட்டுக் கூட்டம். அவனவன் காசை விட்டெறிஞ்சுட்டு போட்டோ எடுத்துட்டு இருப்பான். அங்க போய் நின்னா நம்மளையும் சேர்த்து எடுப்பான்.

துய்லியோ: எடுத்தா என்னவாம்?

எர்சிலியா: இந்தக் கல்மூஞ்சிக்கு என்ன குறைச்சல்? பாரு, எப்படி வாயைப் பொளந்துட்டு இருக்குன்னு. ஒரு திருவிழாவுக்கு இது வாயிலேருந்து ஒயினே ஊத்துச்சாம்.

துய்லியோ: ஒயின் ஊத்தினா நானும் இங்கயே குடியிருப்பேன். இது ஏரித் தண்ணி அண்ணி! எங்க அம்மா இதுல அவரைக்கொட்டை கூட வேக வைக்க மாட்டா. ட்ரெவிது ஊத்துத் தண்ணி. அது வேற, இது வேற.

எர்சிலியா: தண்ணின்னா தண்ணிதான்.

துய்லியோ: ரோம்ல பொறந்த பொண்ணு பேசற பேச்சா இது?

எர்சிலியா: நாளையிலேருந்து நான் மெல்பர்ன் பொண்ணு. போதுமா?

துய்லியோ: அங்க இப்ப வசந்தமாம். அண்ணன் சொன்னான். வீட்டுக்குப் பின்னாடி எலுமிச்சை மரம் இருக்காம்.

எர்சிலியா: உங்க அண்ணன் முகம் எனக்கு ஞாபகமே இல்ல, துய்லியோ. அவன் கப்பல் ஏறறப்ப எனக்குப் பன்னண்டு வயசு. போட்டோவை எத்தனை தடவை பாத்தாலும்... கண்ணை மூடினா வேற முகம்தான் வருது.

துய்லியோ: நல்லவன். உங்களை நல்லா பாத்துப்பான்.

எர்சிலியா: தெரியும். நீதானே வந்து சொன்னே. ஞாயித்துக்கிழமை, எங்க வீட்டு மாடிப்படியில. தலையை எல்லாம் படிய வாரிட்டு வந்தே.

துய்லியோ: அண்ணன் உங்களைப் பொண்ணு கேக்கச் சொன்னான். கேட்டேன்.

எர்சிலியா: நீ படியேறி வர்றதைப் பாத்தப்ப, எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. நீ வாயைத் திறந்து உங்க அண்ணன் பேரைச் சொன்னே.

துய்லியோ: எர்... அண்ணி...

எர்சிலியா: நீ வேற ஏதாவது சொல்லுவியோன்னு உன் மூஞ்சியையே பாத்துட்டு நின்னேன். நீ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தே.

துய்லியோ: நாங்க சாப்பிடற ரொட்டி அண்ணன் அனுப்பற பணத்துல வர்றது. அவன் வாய்விட்டு என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

எர்சிலியா: ஒண்ணும் முடியாது. அதான் நானும் சரின்னுட்டேன்.

துய்லியோ: ...இருட்டறதுக்குள்ள தண்ணி பிடிக்கலாம். நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.

எர்சிலியா: எதுக்கு?

துய்லியோ: குடுக்கறவன் பிடிக்கிறதைக் குடிக்கிறவங்க பாக்கக்கூடாது.

எர்சிலியா: இப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லையே?

துய்லியோ: மாப்பிள்ளை இல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க. இதுல மட்டும் வழக்கம் பாக்கறீங்களா? திரும்புங்க!

எர்சிலியா: சரி சரி. ...என்னடா இவ்வளவு நேரம்?

துய்லியோ: கல்மூஞ்சி துப்பறதே கொஞ்சமாத்தான். இந்தாங்க. ஒரே மூச்சுல குடிங்க. மிச்சம் வைக்கக்கூடாது.

எர்சிலியா: ...

துய்லியோ: எப்படி இருக்கு?

எர்சிலியா: பாசி வாடை அடிக்கும்னு நினைச்சேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன் வெதுவெதுன்னு இருக்கு?

துய்லியோ: கல்லு நாள் பூரா வெயில்ல காஞ்சுது இல்ல... குடுங்க கிளாஸை. போறவங்க குடிச்சாச்சு. இருக்கறவன் உடைக்கணும்.

எர்சிலியா: இரு... ஒரு நிமிஷம் இரு.

துய்லியோ: என்ன?

எர்சிலியா: ஒண்ணுமில்ல. ம். உடை.

மாடி ஜன்னல்காரி: அடேய்! எவன்டா அது கீழ கண்ணாடியை உடைக்கிறது? காலையில குழந்தைங்க வெறுங்காலோட ஓடும்டா!

துய்லியோ: மன்னிச்சுக்கோங்கம்மா! ஒரு துண்டு விடாம பொறுக்கிடறேன்!

மாடி ஜன்னல்காரி: அட, நீங்களா? நேத்து சர்ச்சுல பாத்தேனே! கடைசி பெஞ்சுலேருந்து எட்டி எட்டிப் பாத்தேன். என்ன பொருத்தம்! மாப்பிள்ளை கண்ணுல தண்ணி வந்துச்சே, நான் கூட அழுதுட்டேன்! நல்லா இருங்க ரெண்டு பேரும்!

துய்லியோ: நன்றிம்மா! உங்க வாய் முகூர்த்தம்!

எர்சிலியா: ...ஏன் அப்படிச் சொன்னே? மாப்பிள்ளை நான் இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?

துய்லியோ: ஜன்னலைச் சாத்திட்டாங்க.

எர்சிலியா: நீ நன்றி சொன்னதுக்கு அப்புறம்தான் சாத்தினாங்க.

துய்லியோ: ...கை பத்திரம். நீங்க பொறுக்காதீங்க, நான் பாத்துக்கறேன்.

எர்சிலியா: அழுதியா நேத்து?

துய்லியோ: சுண்ணாம்புத் தூசி.

எர்சிலியா: சர்ச்சுலயா?

துய்லியோ: நகருங்க, உங்க காலடியில ஒரு துண்டு கிடக்கு.

எர்சிலியா: துய்லியோ. நான் உன்கிட்ட ஒரு பொய் சொன்னேன்.

துய்லியோ: என்ன?

எர்சிலியா: கூட்டமும் இல்ல, கால்வலியும் இல்ல. ட்ரெவி தண்ணி குடிச்சவங்க கண்டிப்பா திரும்பி வருவாங்கன்னு எனக்கும் தெரியும். அங்க போய், உன் கையால வாங்கிக் குடிச்சுட்டு... அப்புறம் உங்க அண்ணனோட நான் எப்படிக் குடும்பம் நடத்துவேன்? தினமும் கப்பலையே பாத்துட்டு நிப்பேனே! அந்தப் பயத்துலதான் இந்த ஒண்ணுத்துக்கும் ஆகாத தண்ணி போதும்னு இங்க கூட்டிட்டு வந்தேன். இப்பதான் நிம்மதியா இருக்கு. ...என்ன அப்படிப் பாக்கறே? ஏதாவது சொல்லேன்.

துய்லியோ: எர்சிலியா... நீ குடிச்சது ட்ரெவி தண்ணி. விடியறதுக்கு முன்னாடியே போய் அந்த பாட்டில்ல பிடிச்சுட்டேன். நாள் பூரா நெஞ்சோட வெச்சுட்டு அலைஞ்சேன்... அதான் வெதுவெதுன்னு இருந்துச்சு.