அந்நியரை அயலவராக்கிய அம்மைக்கு

சட்டத்தைச் சரியாகக் கற்று, அதைச் சக மனிதரின் சஞ்சலம் தீர்க்கச் செலவிட்ட செம்மலே! வாவிக்கரைக்கு வந்தோர்க்கு வழியும் வாழ்வும் வகுத்தளித்த வல்லவரே! பொய்யர்க்குப் பொல்லாதவரே, புதியவர்க்குப் பொறுமையின் வடிவே! கல்லடியில் எங்கள் சட்ட அலுவலகத்தை முப்பத்தொரு ஆண்டுகள் முன்னின்று நடத்தி, இன்று ஓய்வு பெறும் சட்டத்தரணி திருமதி சின்னத்தங்கம் நல்லரத்தினம் அவர்களே! தங்களோடு உழைத்தோர் உளம் நிறைந்து உரைக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து, பெற்றோரின் ஊரை முதன்முதலாகப் பார்த்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை பெற்றுத் தந்தீர்கள்; அதோடு நில்லாமல் பாடசாலைக்கும் கூடவே போய் இடம் கேட்டு வாங்கினீர்கள். கட்டிய கதையோடு கனடா போக வந்தோரைக் கடிந்து திருப்பினீர்கள். தங்கள் கோபம் வீதி வரை கேட்கும். எங்களில் எவரும் அதற்குத் தப்பியதில்லை!

சொல்ல எத்தனையோ இருந்தும், ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை.

ஏறாவூர் இஷாம் கட்டாரில் வேலை செய்த நாளில் நூர்ஹயாத்தி என்ற இந்தோனேசியப் பெண்ணை மணந்தார். மனைவியையும் மகள் இனாயாவையும் ஊருக்கு அழைத்து வந்த அதே ஆண்டில் மாரடைப்பால் மறைந்தார். கணவரின் பெயரில் கிடைத்த வதிவிட விசா அவரோடு முடிந்தது என்றார்கள் கொழும்புக் குடிவரவு அதிகாரிகள். மகள் இலங்கைப் பிரசை, தாயோ வெளிநாட்டவர். தமிழ் தெரியாத அந்த மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு தங்கள் முன் வந்து நின்றார் இஷாமின் தாய் சித்தி நபீஸா.

“என்ட மகன் மௌத்தாகிட்டான் அம்மா. இவளயும் புள்ளயையும் அனுப்பிப்போட்டு நான் ஆர்ர முகத்தப் பாக்கிற?”

“அது சரி. இவ இங்க இருக்க விரும்புறாவா? ஆரும் இவவக் கேட்டீங்களா?” என்றீர்கள்.

எவரும் கேட்டிருக்கவில்லை. மலேசியாவில் வேலை செய்து மலாய் பழகித் திரும்பிய வாழைச்சேனைப் பெண்ணொருவரைத் தேடி வரவழைத்தீர்கள். அவருக்கு நூர்ஹயாத்தியின் பேச்சு ஓரளவு விளங்கியது. கேட்டு முடித்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “தனக்கு ஊர்ல ஆக்கள் இருக்காங்களாம். ஆனா மாமிக்கு இங்க தன்னை விட்டா ஆருமில்லயாம். அதால போக மாட்டாவாம்.”

“அப்ப கொழும்புக்குப் போவம்” என்று எழுந்தீர்கள்.

முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. இனி வழியில்லை என்றோம் நாங்கள். “மறுத்தா முடிஞ்சுதா? மேல கேப்பம்” என்றீர்கள். மேன்முறையீட்டு விசாரணைக்குச் சித்தி நபீஸாவையும் அழைத்துச் சென்று, அதிகாரியின் முன் அவரையே பேச வைத்தீர்கள். “இவளுக்கு நான் பொறுப்பு” என்ற ஒரு வசனத்துக்கு மேல் அவரால் பேச இயலவில்லை. மிச்சத்தைத் தாங்கள் சட்டத்தால் பேசினீர்கள். மகளோடு தாய் இங்கே வாழலாம் என்று முடிவு வந்த அன்று, மாமியும் மருமகளும் கட்டிப்பிடித்து அழுதபோது, தாங்கள் முகம் கழுவப் போய் நெடுநேரம் திரும்பவில்லை. காரணத்தை நாங்கள் கேட்கவில்லை. இன்றும் கேட்க மாட்டோம்.

விசா கிடைத்ததும் வேலை முடிந்தது என்று தாங்கள் எண்ணவில்லை. பஸ் ஏறவும், ஆஸ்பத்திரியில் இலக்கத் துண்டு எடுக்கவும், சந்தையில் பேரம் பேசவும் அந்த மருமகளுக்குப் பழக்கினீர்கள். இன்று நூர்ஹயாத்தி ஏறாவூரில் தையற்கடை வைத்திருக்கிறார். மீன்காரரோடு அவர் பேரம் பேசும் தமிழுக்கு முன் எங்கள் தமிழ் தோற்றுப்போகும்!

அம்மையே! இப்போது தங்கள் முறை. மகள் அஜந்தாவோடு வாழ மெல்பேர்ண் புறப்படுகிறீர்கள். தங்கள் விசா விண்ணப்பத்தை நாங்கள் ஆசையோடு நிரப்பித் தந்தோம். பிழை பிடித்து, ஏசி, மீண்டும் எழுத வைத்தீர்கள். அந்த ஏச்சுக்கும் நன்றி!

அங்கே மொழி தெரிந்தாலும் தெருக்கள் தெரியாது. தனியே வெளியே போய் வழி தடுமாறினால், வெட்கப்படாமல் கேளுங்கள். தாங்கள் வழி கேட்கும் அந்த ஒருவர், கையைக் காட்டிவிட்டுப் போகாமல், தன் வேலையை நிறுத்தி வீட்டு வாசல் வரை தங்களோடு நடந்து வரட்டும். நலத்தோடும் நகைப்போடும் நெடுங்காலம் வாழுங்கள், அம்மையே!

என்றும் தங்கள் அன்பில்,
மேனுகா, நிதுர்ஷன், சப்னா
மற்றும் அலுவலக ஊழியர்கள்
கல்லடி, மட்டக்களப்பு