பேப்பர்வெயிட்டை வைத்துப் புரியவைத்தவருக்கு

பிழை பொறுக்காத பேனாவுக்கும் பொறுமை குறையாத நெஞ்சுக்கும் சொந்தக்காரரே, எங்கள் தையல் இயந்திரக் கம்பெனியின் பதில் கடிதப் பிரிவை இருபத்தொன்பது ஆண்டுகள் தலைநிமிர்ந்து நிற்கவைத்த தலைமைச் சரிபார்ப்பாளர் ஐயா அவர்களே, வணக்கம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு நாம் ஆங்கிலத்தில் எழுதும் ஒவ்வொரு கடிதமும் உங்கள் சிவப்பு மையைப் பார்த்த பிறகே உறைக்குள் போனது. பணி ஓய்வு பெறும் உங்களுக்கு வழியனுப்பு விழாவில் வாசிக்க மடல் எழுதும் பொறுப்பை மேலாளர் துணைச் சரிபார்ப்பாளரான என்னிடம் கொடுத்தபோது பிரிவே சிரித்தது. காரணம் ஊரறிந்தது. எனக்கு உங்கள்மேல் பொறாமை.

என் மேசை வாசலருகே, உங்கள் மேசை ஜன்னலருகே. சந்தேகத்தோடு வருபவர் என்னைத் தாண்டித்தான் உங்களிடம் வர வேண்டும். பதினான்கு ஆண்டுகளாகத் தாண்டினார்கள். என்னிடம் மூன்று அகராதிகள் இருந்தன. உங்களிடம் இருந்ததோ, உள்ளே நீலப் பூ வைத்த ஒரு கண்ணாடிப் பேப்பர்வெயிட்.

அதை வைத்தே எல்லாவற்றையும் நடித்துக் காட்டினீர்கள். கோப்புகளுக்கு அடியில் ஒளித்துவைத்துத் தேடச் சொன்னால் அது ‘லுக் ஃபார்’. கையில் கொடுத்து, "சாயங்காலம் வரைக்கும் பத்திரமா பார்த்துக்கோ" என்றால் ‘லுக் ஆஃப்டர்’. மேசையின் மறுகோடிக்குத் தள்ளி, "நாளைக்குப் பார்ப்போம்" என்றால் ‘புட் ஆஃப்’. நீட்டிய கையில் வைத்து, "வலிச்சாலும் வச்சிரு" என்றால் ‘புட் அப் வித்’. கண்ட இடத்தில் காற்புள்ளி போடுவதால் நாம் ‘கமா’ என்றழைக்கும் தட்டச்சர், கை நடுங்க நின்றபடி, "மேலாளரைப் பொறுத்துக்கிறோமே, அதுவும் இதுதானா சார்?" என்று கேட்டார். "அதேதான். இப்ப இறக்கி வை, அவர் வர்றாரு" என்றீர்கள்.

நானும் தப்பவில்லை. ஒருவருடைய புகாரைப் பரிசீலிப்போம் என்று எழுத நினைத்து ‘ஓவர்லுக்’ என்று எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தின்மேல் பேப்பர்வெயிட்டை வைத்தீர்கள். அது கண்ணில் படாதது போல இரண்டு முறை கடந்து நடந்தீர்கள். "கண்டும் காணாம விட்டுருவோம்னு எழுதியிருக்கியேம்மா, அனுப்பிடலாமா?" எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் காதுக்குப் போகாமல் புதுத் தாளை நீட்டினீர்கள். அந்தப் பெருந்தன்மையை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சென்ற வாரம் நீங்கள் மூன்று நாள் விடுப்பில் இருந்தீர்கள். ‘பாரோ’வா ‘லெண்ட்’டா என்ற குழப்பத்தோடு கமா வந்தார். உங்கள் காலி நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பரவால்லக்கா, சார் வரட்டும்" என்று திரும்பிவிட்டார். அடுத்த வாரம் முதல் உங்கள் வேலை என்னுடையது. அப்போதும் இப்படித் திரும்பிப் போனால் நான் எதற்கு? அன்று சாயங்காலம் உங்கள் பேப்பர்வெயிட்டை எடுத்து என் இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கமாவைக் கூப்பிட்டு, அதை அவர் கையில் வைத்தேன். "நான் குடுத்தா லெண்ட். நீ கேட்டு வாங்கினா பாரோ. எப்படியும் அது என்கிட்ட திரும்பி வந்துரணும்."

கமாவின் முகம் தெளிந்தது. "அட, சார் சொல்ற மாதிரியே இருக்குக்கா."

பாராட்டுகூட உங்கள் வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

நீங்கள் திரும்பி வந்து மேசைக்கடியில் தேடியபோது, நானும் கமாவும் கூடவே குனிந்து தேடினோம். அதற்காக இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் பொருளைத் தர மாட்டேன். இருபத்தொன்பது ஆண்டுகளில் நாங்கள் கேட்காமலே நீங்கள் கொடுத்தவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணொளி குறையாமல், கைநடுக்கம் அறியாமல், சிவப்பு மை தேவைப்படாத நாட்களாக உங்கள் நாட்கள் நெடுங்காலம் நீளட்டும். உங்கள் நாற்காலி வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். வாசலருகேதான் இருப்பேன். எங்களைப் பார்க்க அடிக்கடி வாருங்கள் ஐயா. வரும்போது, நீங்களாவது என் மேசையைத் தாண்டிப் போகாதீர்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
பதில் கடிதப் பிரிவினர்