நாலு தாளம் தள்ளி

திங்கட்கிழமை காலை, வேலம்பாளையம் பஸ். பனியன் கம்பெனி வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். இளையவள் திருநெல்வேலிப் பக்கம். அவள் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமையானா எங்க வீட்டுக்காரர நான் துரத்துவேன்க்கா."

"ஏங்கண்ணு, சண்டையா?"

"சண்டை வேற. இது பாட்டு. சர்ச்சுல ஃபியூக்னு ஒண்ணு பாடுதோம். ஆதியில எல்லாரும் ஒரே மெட்டைச் சேந்துதான் பாடுவாங்களாம். பொறவுதான், ஒரு குரல் முன்னால ஓட, இன்னொண்ணு அதே மெட்டோட துரத்துற மாதிரி எழுதுனாங்களாம். கேசட்டு போட்டுக் காட்டி பாட்டு வாத்தியார் சொன்னாரு. முதல்ல எங்க வீட்டுக்காரவிய, நாலு தாளம் தள்ளி நான்."

"செரி, அந்தச் சண்டை?"

"அவிய ஊருக்கே திரும்பிருவோம்னாவ. நான் மாட்டேன்னுட்டேன். பத்து நாளா வீட்டுல பேச்சே இல்ல."

"அடக் கடவுளே. அப்பறம்?"

"நேத்து பாட எந்திரிச்சா, அவியளுக்குத் தொண்டை அடைச்சுட்டு. முதல் வரியே வரல. சனமெல்லாம் பாக்குது. அவிய வரிய நான் எடுத்துட்டேன்."

"அவரு?"

"நாலு தாளம் தள்ளி என் பின்னாலயே வந்துட்டாவ."

மூத்தவள் சிரித்தாள். "வெளிய வந்து ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"'ரொம்ப வேகமாப் போயிட்ட, மூச்சு வாங்குது'ன்னாவ. பத்து நாளைக்குப் பொறவு அதான் முதல் பேச்சு."

"ஊருக்குப் போறது?"

"அத இன்னும் பேசலக்கா. நேத்து மத்தியானம் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம்."