வாத்தியார் வச்ச ரோஜா

இல்லம்மா, புதுச் செடி வேண்டாம். உங்க நர்சரிக்குள்ள வந்ததும் அதைத்தானே சொன்னேன். இந்தக் குச்சியைப் பாத்துட்டு விவரம் சொன்னீங்கன்னா போதும். நீங்க பாட்டுக்கு மண்ணைக் கலக்குங்க, நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். இந்தக் கவுத்துப் போட்ட தொட்டி என்னைத் தாங்கும்ல?

இந்தாங்க. ஈரப் பேப்பர்ல சுத்திக் கொண்டாந்தேன். முள்ளு, பாத்துப் பிரிங்க. எங்க வீட்டு ரோஜாவுல வெட்டினது. எங்க வீட்டு ரோஜான்னு சொல்லும்போதே நாக்கு கூசுது. என் வீட்டுக்காரியோட மொதப் புருஷன் வச்ச செடி அது. வாத்தியாரு. உடம்பு முடியாம போய்ச் சேந்துட்டாரு. நான் அவரை நேர்ல பாத்ததே இல்ல. நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவ வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடலன்னு கூப்பிட்டாங்க, போனேன், அப்புறம் அப்படியே பேச்சு வளந்து... ரெண்டு பேருக்கும் நரைச்சதுக்கு அப்புறம் கல்யாணம். அவ வீட்டுக்கே குடி போயிட்டேன்.

சிரிக்காதீங்க. ஃப்ரிட்ஜ் இன்னிக்கும் ஓடுது.

வீடு கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி. தோட்டம்னதும் பெரிசா நெனச்சுக்காதீங்க. சமையக்கட்டுச் சுவருக்கும் துணிக்கொடிக்கும் நடுவுல ரெண்டு கட்டில் போடற இடம், அவ்வளவுதான். வெறும் மணல். தண்ணி ஊத்தினா ஊத்தின சுவடே இருக்காது. காத்துல உப்பு. என் ஸ்பேனரை ஒரு நாள் வெளிய மறந்து வச்சா அதுவே துருப்பிடிச்சுப் போகுது, ரோஜா எப்படிம்மா தாங்கும்? ஆனா இந்த மனுஷன் குழி வெட்டி, செம்மண்ணும் எருவும் கொட்டி, கடல் பக்கமா மூங்கில் நட்டு, பச்சை வலை கட்டி வளத்திருக்காரு. இடுப்புக்கு மேல போகாது. குட்டையா, அடக்கமா நிக்கும். ஒரு குச்சிக்கு ஒரே பூ. ஆனா அந்தப் பூ இருக்கே, மொட்டு கூம்பா நிமிந்து, உள்ள பப்பாளிப்பழ நிறம், ஓரம் மட்டும் ரோஸ். எனக்குச் சொல்லப் பிடிக்கல. ஆனா அழகுதான்.

ஆமா, ஆமா, ஹைப்ரிட் டீங்கற ரோஜா வகைதான். அவளும் அந்தப் பேர்தான் சொன்னா. டீன்னாளேன்னு நான் ஒரு இலையைக் கசக்கி மோந்து பாத்தேன். நல்லா சிரிச்சா. வாத்தியார் பூவுலதான் வாசம் பாக்கச் சொல்லுவாருன்னா. பாத்தீங்களா, நான் ஒரு கூத்து பண்ணினாக்கூட அதுக்கு நடுவுல அவரு வந்து உக்காந்துக்குவாரு.

தபால்காரர் வந்தா, வாத்தியார் ரோஜா பூத்துதான்னு கேப்பாரு. கேஸ் சிலிண்டர் போடற ஆளு வந்தா அதே கேள்வி. அந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து எத்தனை வேலை பாத்திருக்கேன்! ஒழுகின கூரையை அடைச்சேன், மோட்டாரை மாத்தினேன், ஒவ்வொரு கதவையும் இழைச்சு சரி பண்ணினேன். ஒருத்தராவது, அண்ணே கதவு சத்தமில்லாம சாத்துதேன்னு கேட்டிருப்பாங்களா? மொதப் பூ வந்தா இவ அதை வெட்டி, கண்ணாடி டம்ளர்ல போட்டு, சாப்பாட்டு மேசை மேல வைப்பா. நான் அதுக்கு எதுத்தாப்புல உக்காந்து சாப்பிடணும். உயிரோட இருக்கிற ஆளா இருந்தா ஒரு சண்டை போட்டுத் தீத்துக்கலாம். செத்தவர்கிட்ட என்னம்மா பண்றது? அவரு ஒரு தப்பும் பண்ண மாட்டேங்கறாரே.

முயற்சி பண்ணாமலா இருந்தேன்? வேற ஒரு கடையில சிவப்பு ரோஜா வாங்கி அந்தப் பக்கம் வச்சேன். உங்க கடை இல்ல, கோவிச்சுக்காதீங்க. ஆளுயரம் வளந்துது. நானும் மார்பை நிமித்திக்கிட்டுத்தான் திரிஞ்சேன். ஒரு காத்து அடிச்சுது பாருங்க, நடுவுல முறிச்சுப் போட்டுது. வாத்தியாரோடது குனிஞ்சு, நிமிந்து, அப்படியே நின்னுது. குட்டைன்னா காத்து தலைக்கு மேல போயிடுமாம். அவருக்கு அதெல்லாம் தெரிஞ்சிருக்கு.

இருங்க, குச்சிக்கு வர்றேன்.

இவ பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா, பிரசவத்துக்கு. வாத்தியார் பொண்ணுதான். நல்ல பொண்ணு, என்னை அங்கிள்னு கூப்பிடும். கிளம்பும்போது இவ சொன்னா, காலையில நல்ல தண்ணியால இலையைக் கழுவி விடுங்க, உப்பு தங்கக் கூடாதுன்னு. கழுவினேன். ஒரு நாளும் விடல. கொஞ்ச நாள்ல அடியில இருந்து ஒரு குச்சி கிளம்புச்சு. இதுதான், நீங்க கையில வச்சிருக்கிறது இதோட நுனி. அடேயப்பா, என்ன வேகம்! நேரா, வெளிர்ப் பச்சையா, சரசரன்னு. வலையையும் தாண்டிப் போச்சு. எனக்கு ஒரே குஷி. அவரு கையில இடுப்பளவு நின்ன செடி, என் கையில சுவர் உசரம்! கம்பு நட்டு, துணியால கட்டி விட்டேன். தபால்காரரைக் கூப்பிட்டுக் காமிச்சேன்.

அது பூக்கவே இல்ல. பழைய கிளை பூராவும் வாட ஆரம்பிச்சுது. இலை கொட்டுது, மொட்டு கருகுது. நான் உப்புத்தான்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் கழுவினேன்.

என்னது? ஏழு இலையா? ஆமா, ஒவ்வொரு காம்புலயும் ஏழு. பழசுல அஞ்சுதான் இருக்குமா? அட, எண்ணணும்னு எனக்குத் தோணவே இல்லையே. அப்ப இது அந்த ரோஜாவே இல்லையா? மேல இருக்கிறது ஒட்டு, கீழ காட்டு ரோஜா வேரா? காட்டு வேர் தன் பாட்டுக்குத் தளிர் விட்டு, சத்து எல்லாத்தையும் இதுவே குடிச்சிடுச்சா?

ஒரு நிமிஷம் இருங்க. அப்ப வேரு வாத்தியாரோடது இல்ல? ஒட்டுக் கட்டினதும் அவரு இல்ல, எவனோ ஒரு நர்சரிக்காரன்? ஹா! இத்தனை வருஷமா இது தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு கவளம் சோறு சேத்து இறங்கியிருக்கும். அல்ப சந்தோஷம்தான். எனக்கே தெரியுது. என் வயசுக்கு இது தேவையான்னு நான் என்னைக் கேக்காத நாள் இல்ல.

ஆனா இதைக் கேளுங்க, இதுதான் என்னை அரிக்குது. அந்தக் கிளை வாடுறப்போ எனக்கு வருத்தமா இருந்துதான்னு கேட்டா, இல்ல. மொதல்ல இல்ல. உள்ளுக்குள்ள, போகட்டும் போகட்டும்னு ஒரு குரல். தெரியாமத்தான் கம்பு நட்டேன், சத்தியமா தெரியாது. ஆனா பழசு வாட வாட, ஏன்னு யாரையும் கேக்கணும்னு தோணலையே எனக்கு? உங்க கடை என்ன, எட்டாத தூரத்துலயா இருக்கு? தெரியாமப் பண்ணினேனா, தெரிஞ்சுக்காமப் பண்ணினேனா? அதைத்தான் யோசிக்கறேன், யோசிக்கறேன், பிடிபடல.

வீட்டுக்காரி என்ன சொன்னாங்கன்னு மூணாவது வாட்டி கேக்கறீங்க. சொல்றேன்மா, அங்கதான் வர்றேன்.

இல்ல, அதே சாதி ரோஜாச் செடி இருந்தாலும் எடுத்து வைக்காதீங்க. மாத்தி வச்சா கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு சொல்றீங்க. ஏமாத்தறதுக்காக நான் வரல. பழசுல உசிரு இருக்குது. நகத்தால கீறிப் பாத்தேன், உள்ள பச்சை. அதைக் காப்பாத்த வழி இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க.

ம். இந்தக் காட்டுக் குச்சியை வெட்டக் கூடாது? வெட்டினா மறுபடி கிளம்புமா? மண்ணை விலக்கி, முளைச்ச இடத்தைப் பாத்து, கையால பிச்சு இழுக்கணும். சரி. கையுறை இருக்கு, வேலைக்குப் போடறது.

அவ என்ன சொன்னாளா? நேத்து ஃபோன் பண்ணினேன். செடி போற மாதிரி இருக்கு, நான்தான் கெடுத்துட்டேன்னு சொன்னேன். அழுவாளோ, வேணும்னே பண்ணினீங்களான்னு கேப்பாளோன்னு காத்துக்கிட்டு இருக்கேன். அவ பாட்டுக்கு, போனாப் போகுது, பிடுங்கிடுங்க, அந்த இடத்துல ஒரு கறிவேப்பிலை வச்சா சமையலுக்காவது ஆகும்ங்கறா. எனக்கு ஒண்ணும் புரியல. வாத்தியார் செடியாச்சேன்னேன். அதுக்குச் சிரிக்கறா. வந்த நாள்ல இருந்து காலையில எந்திரிச்சதும் பல்லு கூட விளக்காம நீங்கதான் அது முன்னாடி போய் நிக்கறீங்க, உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னுதான் நான் விட்டு வச்சேன், முள்ளு குத்தி முந்தானை கிழியுது எனக்குன்னா. பின்னாடி குழந்தை அழுதுது, வச்சுட்டா.

சந்தோஷப்படணும்ல நான்? ஜெயிச்சாச்சு. ஆனா எனக்குக் கோவம் வந்துதும்மா. அந்த மனுஷனுக்காக வந்துது. இவ கூடவே வாழ்ந்த மனுஷன், குழி வெட்டி, மண்ணு சுமந்து வளத்தது. கறிவேப்பிலைங்கறா. நாளைக்கு நானும் போனதுக்கு அப்புறம், மெக்கானிக் செஞ்சது இதுன்னு எவனாவது எதையாவது காட்டினா, இப்படித்தானே சிரிச்சுக்கிட்டு சொல்லுவா?

அதான் வந்தேன். நாளன்னிக்கு அவ வர்றா. எழுந்துக்கறேன், கொஞ்சம் கை குடுங்க, கால் மரத்துப் போச்சு. ஆமா, பிச்சு இழுக்கும்போது ஒட்டு அசங்காம இருக்க எந்தப் பக்கம் பிடிக்கணும்?