ஈரமணலில் பிறவுணி

சுலோஜனா: நாயின்ர வாயைத் திறந்து பிடியுங்கோ, சிறில் அண்ணை. பல்லு முரசைப் பாருங்கோ... கடுதாசி மாதிரி வெளிறிப் போச்சு.

சிறில்: உண்ணி குடிச்சதுதானே, டொக்டர்? நேற்று மட்டும் பிறவுணியின்ர காதுக்குள்ள ஒம்பது பிடுங்கினனான்.

மரியம்மா: உண்ணி எண்ணத் தெரியும். நாய் சோறு தின்னுதோ எண்டு கேளுங்கோ, புருசனுக்குத் தெரியாது.

சிறில்: நீ சும்மா இரு, மரியம்.

சுலோஜனா: உண்ணியும்தான். ஆனா மலம் தார் மாதிரிக் கறுப்பு. இப்பதான் நுணுக்குக்காட்டியில வச்சுப் பார்த்தனான். கொளுக்கிப்புழு முட்டை... எக்கச்சக்கம்.

சிறில்: புழு ஒண்டும் கண்ணில படேல்லயே? முந்தி எண்டா வாலடியில அரிசிமணி மாதிரி ஒட்டிக்கிடந்தது.

சுலோஜனா: அது நாடாப்புழு, அது அப்பவே போயிட்டுது. இது வெளியில தெரியாது. குடலைக் கவ்விப் பிடிச்சுக்கொண்டு ரத்தம் குடிக்கும். மூண்டு தரம் மருந்து குடுத்தாச்சு. மூண்டு தரமும் திரும்ப வந்திருக்கு... ஏன்?

மரியம்மா: மருந்து நான் ஒழுங்காத்தான் குடுத்தனான், டொக்டர்.

சுலோஜனா: வள்ளங்களுக்குக் கீழ அந்த ஈரமணல். ஊர் நாயெல்லாம் அங்கதான் வெளிக்குப் போகும். புழுக்குஞ்சு அந்த ஈரத்தில கிடந்து, படுக்கிற நாயின்ர தோலுக்குள்ளால ஏறும். கட்டி வைக்கச் சொன்னனான். கட்டினீங்களோ?

மரியம்மா: கட்டினனான், டொக்டர். பின்வளவில... முருங்கையில.

சிறில்: கட்டி? பொழுதுபடச் சங்கிலியைக் கழட்டிக்கொண்டு ஓடி வந்திடும்.

சுலோஜனா: தானாவோ?

சிறில்: பின்ன? டிலுக்ஷன்ர நாயெல்லோ. எங்கட மகன் கடைசியா வள்ளம் தள்ளின இடத்திலயே வந்து படுக்கும். பதினொரு மாசமா. அவன் வருவான் எண்டு அதுக்குத் தெரியும்.

மரியம்மா: வள்ளம் மட்டும்தான் சாம்பல்தீவில ஒதுங்கினது, டொக்டர். வாற மாசம் வருசம் முடியுது. பங்குச் சுவாமியிட்டச் சொல்லி ஆத்துமப் பூசை வைப்பம் எண்டா, இவர் விடுறாரில்ல.

சிறில்: வாயில்லாச் சீவனே நம்பிக்கொண்டிருக்கு. பெத்தவன் பூசை வைக்கிறதோ?

சுலோஜனா: ... அண்ணை, செருப்பைக் கழட்டுங்கோ.

சிறில்: என்ர காலையோ? நீங்கள் மாட்டு டொக்டரெல்லோ!

சுலோஜனா: பரவாயில்ல, கழட்டுங்கோ... இந்தச் சிவப்புக் கோடு, நெளிஞ்சு நெளிஞ்சு போறது. எவ்வளவு நாளா?

சிறில்: ரெண்டு கிழமை. சரியான கடி, சொறிஞ்சு சொறிஞ்சு... நித்திரையில்ல.

சுலோஜனா: இதே புழுதான். காலில மட்டுமோ? தொடையில, குந்தி இருக்கிற இடத்தில?

சிறில்: ... ஓம்.

சுலோஜனா: அப்ப, நீங்களும் அந்த மணலிலதான் இருக்கிறனீங்கள்.

சிறில்: கொஞ்ச நேரம்... நாய் தனிய எண்டு.

மரியம்மா: இருட்டும் வரைக்கும்.

சுலோஜனா: கேளுங்கோ. இன்னொருக்கா ஏறினா பிறவுணி தாங்காது. செத்துப்போகும். நல்ல பூட்டோட புதுச் சங்கிலி ஒண்டு வாங்குங்கோ.

சிறில்: வாங்கி என்ன, அதையும் கழட்டும். அவனைத் தேடுற மனசை ஆர் கட்டுறது, டொக்டர்? அது வந்து படுக்கேக்க நினைப்பன்... இன்னும் விட்டுக்குடுக்காம ரெண்டு பேர் இருக்கிறம் எண்டு.

மரியம்மா: புதுச் சங்கிலி தேவையில்ல.

சிறில்: ஏன்?

மரியம்மா: பழசே காணும். அது ஒருநாளும் கழட்டேல்ல.

சிறில்: என்ன கதை கதைக்கிறாய்?

மரியம்மா: நான்தான் அவிழ்த்து விட்டனான்... ஒவ்வொரு நாளும். இதின்ர ரத்தம் போகுது எண்டு தெரிஞ்சும் விட்டனான். நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு தனிய இருக்கிறீங்கள்... நீங்களும் இறங்கிப் போயிடுவீங்களோ எண்டு பயம். நாய் பக்கத்தில கிடந்தா, அதை வீட்டுக்குக் கொண்டு வந்து விடவெண்டாலும் எழும்பி வருவீங்கள்.